வெறும் வயிற்றில் வரவும்

சமாதானபுரத்தில் எங்கள் லேப்
ஜனவரி இரண்டாம் தேதி
ஆறரைக்கே திறந்துவிடும்.
வாசலில் காகித நட்சத்திரம் இன்னும் எரிகிறது,
அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் ஆள் வேதமாணிக்கம் சார்.
கணக்கு வாத்தியாராக இருந்தவர்.
கையை நீட்டும்போதே சொல்கிறார்:
"பண்டிகைக்கு நான் ஒண்ணும் பெருசா சாப்பிடல, கேட்டியா."
நான் எதுவும் கேட்கவில்லை.
சாம்பல் மூடிக் குழாயில்
ரத்தம் பேசிக்கொண்டே ஏறுகிறது.

இன்னொரு குழாயைச் சுழலவிட்டு எடுத்தால்
மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர்
அரிசி களைந்த தண்ணியாய் வெளுத்திருக்கும்.
இந்த வாரம் முழுக்க அப்படித்தான்.
இது இருபத்தைந்தாம் தேதி மத்தியானத்துப் பிரியாணி,
இது வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து
யார் வீட்டு மாடியிலோ நடந்தது,
இது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே
தின்ற நாலாவது கேக் துண்டு.

என் ரத்தமும் அந்த நிறத்தில்தான் இருந்திருக்கும்.
இருபத்துநாலாம் தேதி சாயங்காலம்
பலகாரத் தட்டுகளோடு புறப்பட்டேன்.
ஏழு வீடு.
ஏழிலும் நின்றபடியே தின்றேன்.
அச்சுமுறுக்கு ஒடிந்த சத்தம் ஞாபகமிருக்கிறது,
ருசி இல்லை.
தட்டை வெறுமையாய்த் திருப்பக் கூடாதென்று
ஒவ்வொருவரும் ஒரு கை சீனி அள்ளிப் போட்டார்கள்.
வயிற்றையும் ஒரு தட்டென்று நினைத்தேனோ என்னவோ.

எட்டாவது, செல்வின் அண்ணன் வீடு.
கார் நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்.
போதகர் வந்தால் மறைக்கத் தோதாக
துவர்த்து சுற்றிய பாட்டில் ஒன்று
கைமாறிக்கொண்டிருந்தது.
"நல்ல நாளும் அதுவுமா ஒரு மடக்கு வே,
ஒண்ணும் ஆயிராது."
அண்ணன் பதினோரு மாதமாய்த் தொடவில்லை.
கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.
குழாயில் வந்த தாமிரபரணி, வேறொன்றுமில்லை.
அதைக் குடித்த விதம்தான் —
உதட்டில் வைத்து, நிறுத்தி,
ஒரு மடக்கு.
டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே
இன்னொன்று.
சுற்றிலும் சிரிப்பு, ஸ்பீக்கரில் பாட்டு,
அண்ணன் மட்டும் கயிற்றின் மேல் போகிறவர் போல
அந்தத் தண்ணீரைக் கடந்துகொண்டிருந்தார்.
"தண்ணி இனிக்கும்னு இத்தன வருசம் தெரியல, பாத்துக்கோ."
சொல்லும்போது கை லேசாய் நடுங்கியது.

அன்று ராத்திரி
எல்லாரும் படுத்தபின் டப்பாவைத் திறந்தேன்.
ஒரு முந்திரிக்கொத்து.
லைட்டைப் போட்டு, உட்கார்ந்து.
மஞ்சள் தோல் பல்லில் சற்றே முறைத்தது.
உள்ளே வறுத்த பயறு, வெல்லம்,
அதற்கும் பின்னால்
ரொம்பத் தாமதமாய் வந்தது சுக்கு.
சுக்கு போட்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது;
இடித்துச் சலித்தது நான்தான்.

இன்னொன்றுக்குக் கை போனது.
பொய் சொல்வானேன், எடுத்தேன்.
அதையும் பையத் தின்றேன்.
மூன்றாவதற்குக் கை
டப்பாவின் மூடியைத்தான் தேடியது.

எட்டரைக்கு ரிசல்ட்.
சாருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்க்கிறார்,
யாரோ ஒரு பையன் தப்பாய்ப் போட்ட கணக்குபோல.
பிறகு பையைத் துழாவி
ஒரு பொட்டலம் எடுக்கிறார். முதலூர் மஸ்கோத்து.
"ஒனக்குத்தான் பிள்ள. வீட்டுல கெடந்தா நான் தின்னுருவேன்."

கையுறையைக் கழற்றி, கை கழுவி,
வெளி மேசைக்கு வந்து
ஆவுடையம்மாளைக் கூப்பிட்டேன்.
அவளுக்கு ஒரு விள்ளல், எனக்கு ஒரு விள்ளல்.
சார் முகத்தைப் பார்த்தேன்.
அவருக்கு ஒரு நகக்கண் அளவு.
"பைய, சார்."

கண்ணை மூடிக்கொண்டார்.
வெகுநேரம் கழித்து
"தேங்காப்பால்," என்றார்.

வரிசையில் அடுத்த ஆள்
வெறும் வயிற்றோடு
எங்கள் மூன்று வாயையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.